மெழுகு போட்ட நூல்

…முறுக்கினால் துணி சுருங்குகிறது, தளர்த்தினால் அடியில் நூல் கொத்தாகத் தொங்குகிறது, நூலை இறுக்கும் திருகாணியை நடுவில் வைத்தால் நாலு விரல் தூரம் சமத்தாக ஓடிவிட்டுப் பழைய குணத்தைக் காட்டுகிறது, உனக்கு என்னதான் வேண்டும், சொல்லித் தொலையேன்! மெஷினோடு பேசுகிறேன், நல்ல வேளை, றம்லத்துக்குப் பைத்தியம் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை, அவர் தையல் கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு, மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய ஹுஸைன் நானா வண்டியோடு வருவார், அதற்குள் ஒரு முழத் தையல் ஒழுங்காக விழாவிட்டால் மெஷினைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விடுவார், அப்படித்தான் பேச்சு. சீமைக்குத் திரும்பிய துரைசாணி ஒருத்தி விட்டுப்போன மெஷின், கறுப்பு உடம்பில் தங்கப் பூ, கைப்பிடியைச் சுற்றினால் ஊசி தானாக ஏறி இறங்குகிறது… முதலில் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி நிக்காஹ் அன்றுகூட அடிக்கவில்லை, இதை அவரிடம் சொல்லவா முடியும்? உன்னைப் போகவிடமாட்டேன். தையலைக் கொஞ்சம் நீளமாக்கிப் பார்ப்போமா… ஆக்கினேன், அதே கதை. அடி நூல் சிக்கியிருக்குமோ, கழற்றிப் பார்த்தேன், அது பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

வெளியே தெல்தோட்டைக் காப்பி வண்டிகள் ஸ்டேஷன் பக்கம் கடகடத்துப் போகின்றன, மதியம் லுஹர் பாங்கு சொல்லி எவ்வளவு நேரம், உலையில் சுடுநீர் கொதித்துக் கிடக்கிறது, அரிசி போடவில்லை, கிடக்கட்டும். மேல் நூல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே புகுந்து வருகிறது, அந்தத் தட்டுகளைத்தான் திருகாணி நெருக்குகிறது, பின்னே நூல் ஏன் ஒரு நேரம் வழுக்கி, ஒரு நேரம் ஒட்டி… ஒட்டியா? நகத்தை விட்டுச் சுரண்டினேன், மஞ்சளாகப் பிசுபிசுவென்று வந்தது, முகர்ந்தேன், தேன் வாசம், யா அல்லாஹ், மெழுகு! கைத்தையலுக்கு மெழுகு போட்டால்தான் நூல் சிக்காது, கல்யாணமான நாளிலிருந்து விடியலில் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து, மெழுகுக் கட்டியில் நூலை இழுத்து இழுத்து, எனக்கென்று சுற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் போவார், வாயால் ஒரு இனிய சொல் வராத மனுஷன், அவருடைய கொஞ்சலே அந்த நூல்தான். இன்று காலை என்ன சொன்னார்? “மெஷினுக்கு எண்டு ரெண்டு தரம் போட்டீக்கிறன் புள்ள.” ரெண்டு தரம்! தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். துணியைச் சுடுநீரில் நனைத்துத் தட்டுகளைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, அலுமாரியிலிருந்து மெழுகு படாத புது நூலை எடுத்துக் கோத்து, திருகாணியை ஒரு சொட்டுத் தளர்த்தி, பிஸ்மி சொல்லிச் சுற்றினேன்… ஓடுகிறது, ஓடுகிறது, மேலும் கீழும் ஒரே தையல், முழம் தாண்டியும் நிற்கவில்லை, நான்தான் நிறுத்த மனமில்லாமல் துணி தீரும்வரை சுற்றினேன்.

அவரும் ஹுஸைன் நானாவும் ஒன்றாகவே வந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று துணியை நீட்டினேன், அவர் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார், தையல் அசையவில்லை. “வண்டியத் திருப்புங்க நானா, மெஷின் இங்கதான்!” பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “பாத்தீங்களா, என்ட மெழுகு நூல் எண்டா சும்மாவா!” வாயைத் திறந்தேன். “என்னா புள்ள?” அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? “ஒண்டுமில்ல, நல்ல நூல் எண்டு சொல்ல வந்தன்.” போச்சு, நாளைக்கு மூன்று தரம் போடுவார். பொத்தான் துளைக்குக் கைத்தையல்தான், அதற்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் எத்தனை துளைதான் தைப்பது, காப்பித் துரைமார் சட்டைக்கெல்லாம் இனி இரண்டு வரிசைப் பொத்தானா? ஒருநாள் சொல்லத்தான் வேண்டும்… சொன்னால் காலையில் ஜன்னலில் என்ன இருக்கும்? மெஷின் வேண்டும் என்று இத்தனை நாள் துடித்தேன், அந்த நூலும் எனக்கு இவ்வளவு வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.