பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது

எங்கள் ரூமின் தலைவர் சேதுபதி பழைய போலீஸ் கார் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்த அன்று, துபாய் அல் குசைஸில் எங்கள் தெருவில் கோணல்மாணலாக நின்றிருந்த பதினொரு வண்டிகள் ஐந்தே நிமிடத்தில் காணாமல் போயின. சேதுபதி அதைத் தமக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

"பாத்தீகளா பாலகுரு, வண்டின்னா இதுதேன் வண்டி. மூணு வருசம் போலீஸ் ஓட்டுனது. ஒரு ஆயில் சேஞ்ச் தவறுனதில்ல."

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல முடியாத பொருளோடு வாழ்வது எவ்வளவு சிரமம் என்பது எனக்கு அடுத்த வாரம் தெரிந்தது.

ஸ்டிக்கர்களை உரித்துத்தான் விற்றிருந்தார்கள். ஆனால் வெயில், உரிக்க முடியாத வேலையைச் செய்து வைத்திருந்தது. ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாகவும் மற்ற இடம் வெளுத்தும் போய், பட்டையும் டிக்கியில் 417 என்ற எண்ணும் நிழலாகத் தெரிந்தன. பெயின்ட் அடித்துவிடலாமே என்றேன். "ஒரிஜினல் கண்டிஷனக் கெடுக்கக்கூடாது" என்றார். பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, பின்கண்ணாடி உள்ளேயிருந்து இறங்காது. அதுவும் ஒரிஜினல் கண்டிஷன்தான்.

இந்தக் காரில்தான் தினமும் காலையில் எங்கள் மூன்று பேரை ஜெபல் அலி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு ஏற்றிப் போவார். கார் லிஃப்ட் என்று பெயர். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு என்பதால், யாராவது கேட்டால் நாங்கள் அண்ணன் தம்பிகள். பரமக்குடி சேதுபதி, அறந்தாங்கிக்காரனான நான், கீழக்கரை ஜெய்னுலாப்தீன், யாழ்ப்பாணத்துச் சுஜந்தன். இந்தக் குடும்பத்தின் தாய் தகப்பன் யாரென்று எவரும் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாடப் பிரார்த்தனை.

சீக்கிரம் போகலாம் என்றுதான் சேதுபதி அந்தக் காரை வாங்கினார். நடந்தது வேறு. முன்னால் போகிறவன் கண்ணாடியில் எங்களைப் பார்த்ததும் பிரேக்கில் கால் வைப்பான். பின்னால் வருகிறவன் முந்தப் பயந்து பின்னாலேயே வருவான். வலப்பக்கம் லாரி, இடப்பக்கம் பஸ், எல்லாரும் பரம யோக்கியர்களாக எண்பதில் உருண்டார்கள். நாங்கள் எங்கே போனாலும் எங்களைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குச் சட்டம் ஒழுங்கு கூடவே வந்தது. நாற்பது நிமிடப் பயணம் ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

"அண்ணை, ஒருத்தனும் ஹாரன் அடிக்கிறானில்லை" என்றான் முன் சீட்டில் இருந்த சுஜந்தன். "செத்த வீட்டுக்குப் போற மாதிரிக் கிடக்கு."

"அதுக்குப் பேருதேன் மரியாத, தம்பி."

அந்த மரியாதையில் எனக்கு இரண்டு லேட் விழுந்தது. எங்கள் கம்பெனியில் ஏழரைக்குள் வருகைப்பதிவு மெஷினில் விரல் வைக்க வேண்டும். மாதத்தில் மூன்றாவது லேட் விழுந்தால், ஒப்புதலான லீவும் ரத்து. இரண்டு வருடம் கழித்து எனக்கு லீவு கிடைத்திருந்தது. வியாழக்கிழமை டிக்கெட். ஊரில் மனைவி சந்தியா ஏர்போர்ட்டுக்கு வண்டிகூடச் சொல்லிவிட்டாள்.

வேறு கார் லிஃப்ட் பார்க்கலாமே என்பீர்கள். ரூம் சேதுபதியின் பெயரில் இருக்கிறது. காரை விட்டு இறங்கினால் கட்டிலை விட்டும் இறங்க வேண்டும்.

திங்கட்கிழமை, கெஞ்சிக் கூத்தாடி எல்லாரையும் ஐந்தே முக்காலுக்கே கிளப்பினேன். பாதி வழியில், நிஜமான போலீஸ் கார் ஒன்று பக்கத்தில் வந்து ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டியது.

"யா அல்லாஹ்" என்றார் ஜெய்னுலாப்தீன். "எல்லாரும் ஞாபகம் வச்சுக்குங்க. அண்ணன் தம்பி."

இளம் போலீஸ்காரர் ஒருவர் இறங்கி வந்தார். காரை ஒருமுறை சுற்றினார். டிக்கியைத் தடவினார். பிறகு குனிந்து எங்களைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே ஜெய்னுலாப்தீன் இந்தியில், "நாங்க எல்லாரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவங்க" என்றார்.

போலீஸ்காரர் நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு ஸ்டியரிங்கைக் காட்டி உடைந்த இந்தியில் சொன்னார்: "இது என் வண்டி. நாலு ஒண்ணு ஏழு. மூணு வருஷம் ஓட்டினேன்."

அவ்வளவுதான் விஷயம். சேதுபதி இறங்கிவிட்டார். பெண் கொடுத்த சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டதைப் போல உபசாரம் நடந்தது. போலீஸ்காரர் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஏசி நன்றாக வேலை செய்கிறதா என்று விசாரித்தார். பின் சீட்டில் இருந்த நான் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினேன். யாரும் திரும்பவில்லை. அப்படிப்பட்ட தட்டலை அந்தக் கார் நிறையக் கேட்டிருக்கும்.

முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் சுஜந்தன்தான் இறங்கி, என்னைக் காட்டி, "பாய், இவருக்கு டியூட்டி. லேட் ஆனா லீவு மாஃபி" என்றான். மாஃபி என்றால் இல்லை. போலீஸ்காரருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "யல்லா, என் பின்னால் வா" என்று சேதுபதியிடம் சொல்லிவிட்டு முன்னால் போனார். விளக்கு சுழன்றது, இத்தனை நாள் எங்களைச் சுற்றி வந்த யோக்கியர்கள் எல்லாரும் விலகி வழி விட்டார்கள்.

ஏழு இருபத்தாறுக்கு எங்கள் கம்பெனி வாசல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பது அந்த மனிதருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தானே இறங்கி வந்து கதவைத் திறந்தார். மூன்று வருடப் பழக்கம், தலை இடிக்காமல் இருக்க என் உச்சந்தலையில் கை வைத்து வெளியே எடுத்தார். ஒரு கையால் என் புஜத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, சிரித்து, போய்விட்டார்.

வாசலில் நின்ற வாட்ச்மேன் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். மேலே மாடி ஜன்னலில், கையில் டீயோடு, எங்கள் ஹெச்ஆர் மேனேஜர் விஜயபாஸ்கர் நின்றிருந்தார். விரல் வைத்தேன். மெஷின் ஏழு இருபத்தெட்டு என்றது. மேலே கூப்பிட்டார்கள்.

விஜயபாஸ்கர் தம் நாற்காலியைவிட ஓரங்குலம் உயரமாக உட்காரத் தெரிந்தவர்.

"மிஸ்டர் பாலகுரு, இன்னைக்கு நீங்க ஆன் டைம். ஐ அப்ரிஷியேட். ஆனா உங்க லீவை ஹோல்ட் பண்றேன்."

"எதுக்கு சார்?"

"போலீஸ் கேஸ்ல இருக்கிற ஆளை நாட்டை விட்டு அனுப்பக்கூடாது. பாலிசி."

"சார், கேஸ் ஒண்ணும் இல்ல. அந்தக் கார் முன்னாடி அவர் ஓட்டுனது. ஆசைப்பட்டு கூட வந்தாரு."

"போலீஸ்காரர் ஆசைப்பட்டுத்தான் உங்க தலையில கை வச்சாரா?"

"கதவு உள்ள இருந்து திறக்காது சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றேன். குற்றம் இல்லை என்று அதில் இருக்குமே தவிர, திங்கட்கிழமை காலை ஏன் கொண்டுவந்து விட்டார்கள் என்று இருக்காதாம். அந்தப் போலீஸ்காரரே கைப்பட எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாமாம். இதைச் சொல்லிவிட்டு, பரந்த மனசுக்காரர் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

சாயங்காலம் சேதுபதியிடம் கேட்டேன். "அண்ணே, அவரு பேரு என்ன?"

"யாரு பேரு?"

"உங்க சம்பந்தி பேரு."

யாரும் கேட்டிருக்கவில்லை. பானெட் பற்றிக் கேட்டோம், டயர் பற்றிக் கேட்டோம். ஸ்டேஷனில் போய் விசாரித்தால், என்ன காரணத்துக்காகத் தேடுகிறாய் என்பார்கள். காசு கொடுத்துப் போகிற காரில் வந்தேன் என்று அங்கே எப்படிச் சொல்வது?

ஜெய்னுலாப்தீன் தேற்றினார். "ஒரே வழிதான் தம்பி. அந்த நாலு ஒண்ணு ஏழப் பாத்தா அவரு நிறுத்தாமப் போகமாட்டாரு. தெனம் ஏறி ஒக்காந்துக்க. எங்கயாச்சும் மாட்டுவாரு."

ஆகவே யார் அந்தக் காரைச் சபித்தானோ அவனே செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தான். சேதுபதிக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பத்தேன் வண்டியோட அரும தெரிஞ்சிருக்கு" என்றார். முன்னால் ஒருவன் பிரேக்கில் கால் வைத்தான். நாங்கள் எண்பதில் உருண்டோம்.

புதன்கிழமை ஏழே காலுக்கு, போலீஸ் கார் ஒன்று பக்கத்தில் வந்தது. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளாலும் தட்டினேன். உள்ளே இருந்தவர் வேறு யாரோ. நிழலாகத் தெரிந்த பட்டையைப் பார்த்தார், பின் சீட்டில் தட்டிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்தார், சேதுபதியின் விறைப்பான மீசையைப் பார்த்தார். பிறகு சக ஊழியருக்கு வைப்பதுபோல் சேதுபதிக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, முந்திக்கொண்டு போய்விட்டார்.

சேதுபதி திருப்பிச் சல்யூட் வைத்தார்.