சிங்கிள்

கண்டக்டரை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே கண்டக்டர்தான் என்பது வேறு விஷயம். முப்பத்தொரு வருஷம், நாளைக்கு எட்டு சிங்கிள், டவுன் பஸ்ஸில் பயணிகளோடு மல்லுக்கட்டியவர். பஸ்காரர்கள் பாஷையில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகிற ஒரு நடைக்கு சிங்கிள் என்று பேர். நடுவில் இறங்கி மருந்தோ மாத்திரையோ வாங்கிக்கொண்டு, அதே டிக்கெட்டோடு அடுத்த பஸ்ஸில் ஏறுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இறங்கிட்டா டிக்கெட் முடிஞ்சுதும்மா" என்பார். காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் சாய்த்திருந்த ஒருத்தியிடமும் அதையேதான் சொன்னார். அவள் கையெடுத்துக் கும்பிட்டும் மனுஷர் மசியவில்லை.

அப்பேர்ப்பட்ட சட்டமேதைதான் இப்போது ஆற்றுப் பாலத்தின் தப்பான பக்கத்தில், தோளில் ஒரு மரத்தொட்டிலோடு, சோதனைச் சாவடிக் கண்ணாடிக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தப்பான பக்கம் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

ரிட்டயரான மறு வருஷமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் வெளிநாட்டில் இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவள் வரவில்லை. அங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாளாம். அது கைக்கு வருவதற்குள் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். போனில் அழுது தீர்த்தாள். கண்டக்டர் உறவுக்காரர்களிடம், "லீவு கிடைக்கலை, பாவம்" என்று சமாளித்தார். மனசுக்குள் மட்டும் ஒரு முள் தைத்தபடியே கிடந்தது. பெற்றவளைவிட ஒரு காகிதம் பெரிதாகிவிட்டதா? இந்தக் கேள்வியை அவர் மகளிடம் கேட்டதில்லை. கேட்காததனால் முள் வெளியே வரவும் இல்லை.

பிறகு மகள் உண்டானாள். "அம்மாதான் இல்லை. நீங்களாவது வந்து பக்கத்துல இருங்கப்பா" என்றாள். டூரிஸ்ட் விசாவுக்கு எழுதிப் போட்டார். 'மனைவி' என்ற கட்டத்தில் 'காலமாகிவிட்டார்' என்று எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பெயர் சரி, தேதி சரி, தொண்ணூறு நாள் என்பதும் சரி. அதற்குக் கீழே ஒரு கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'சிங்கிள்' என்று இருந்தது. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவனை, இப்படி ஒற்றை வார்த்தையில் கல்யாணமாகாத பயல் மாதிரி ஆக்கிவிட்டார்களே! அந்தக் கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. கண்ணில் தளும்பிய நீர் அதைப் படிக்கவிடவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. வந்து இறங்கிய அன்றே மாப்பிள்ளை, "கொடுங்க மாமா, ஒரு பார்வை பார்த்துடறேன்" என்று கை நீட்டினார். "எல்லாம் சரியா இருக்கு மாப்ள" என்று சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். அம்மா செத்ததை முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள், அதை எதற்கு மகள் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்.

மகளின் வீடு பாலத்துக்கு இரண்டு தெரு தள்ளி. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. இந்த ஊர்க்காரர்கள் பையை வீசிக்கொண்டு காலையில் போய் மத்தியானம் சாமானோடு திரும்புவதைப் பன்னிரண்டு நாளாக ஜன்னலில் பார்த்தார். "அந்தப் பக்கம் மரச்சாமான் அருமையா இருக்கும். குழந்தை பொறக்கட்டும், ஒரு தொட்டில் பார்க்கலாம்" என்று மாப்பிள்ளை ஒருநாள் சொன்னார். அது போதாதா? பேரப்பிள்ளைக்குத் தொட்டில் என் கையாலதான் வாங்குவேன் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி.

பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. இன்று காலையில் மகள், "வலி வந்தா நீங்க ஆஸ்பத்திரி வராண்டாவுலயாவது இருக்கணும்ப்பா, எங்கயும் போயிடாதீங்க" என்றாள்.

"நான் எங்கடி போகப்போறேன்? இப்படிக் காலாற நடந்துட்டு வரேன்" என்று கிளம்பியவர், நேரே பாலத்துக்கு வந்தார். இந்தப் பக்கத்து அதிகாரி கேள்வி ஏதும் கேட்காமல் ஒரு முத்திரை குத்தினார். அந்தப் பக்கத்தில் பதினைந்து நாளைக்கு என்று இன்னொரு முத்திரை. டக், டக் என்று இரண்டு பக்கமும் குத்தியதைப் பார்த்துக் கண்டக்டருக்கு ஒரே சந்தோஷம். நம்ம தொழில்காரனுங்கதான் என்று நினைத்துக்கொண்டார்.

இதோ, திரும்பும் வரிசையில் அவர் முறை வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இப்போது வேறு ஓர் அதிகாரி. அவருக்கு அரைகுறை ஆங்கிலம்; நம்மவருக்கு அதிலும் பாதி. அதிகாரி பக்கத்தைப் புரட்டினார், நிறுத்தினார், அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"சிங்கிள்" என்றார்.

இந்தப் பாலத்தில் வைத்தா அதைக் கேட்க வேண்டும்? கண்டக்டர் தொட்டிலை இறக்கி வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "யெஸ் சார். வைஃப் எக்ஸ்பயர்ட்."

அதிகாரி தலையாட்டினார். "யெஸ். எக்ஸ்பயர்ட்."

எவ்வளவு பதவிசான மனுஷன், துக்கம் விசாரிக்கிறானே என்று கண்டக்டருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. "தேங்க் யூ சார்" என்று தொட்டிலைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியைத் தட்டினார். இந்தப் பக்கம் இல்லை, வந்த பக்கம் போ என்று கை காட்டினார். ஒரு காவலர் வந்து அவர் முழங்கையை, முரட்டுத்தனம் இல்லாமல், பிடித்தார்.

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்குப் போன் போட்டு, போனைக் கண்ணாடித் துவாரத்தில் நீட்டினார். அதிகாரியும் மகளும் அந்த ஊர் பாஷையில் பேசினார்கள். மகளின் குரல் முதலில் உயர்ந்தது, பிறகு கெஞ்சியது, பிறகு இறங்கிப்போனது. போன் திரும்பி வந்தது.

"அப்பா, உங்க விசா ஒரு தடவை உள்ளே வர்றதுக்குத்தான். தொண்ணூறு நாள் இருக்கலாம், ஆனா நடுவுல வெளியே போனா அதோட செல்லாது. பாலத்தைத் தாண்டினதுமே முடிஞ்சுபோச்சு. புதுசா எழுதிப் போட்டா ரெண்டு வாரம் ஆகுமாம்."

"தொண்ணூறு நாள்ல எழுபத்தெட்டு மிச்சம் இருக்கேம்மா!"

"எத்தனை தடவை நுழையலாம்ங்கற கட்டத்துல சிங்கிள்னு போட்டிருக்காமேப்பா. நீங்க பார்க்கலையா?"

கண்டக்டர் தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தேன். உங்கம்மா இல்லைங்கறதைத்தான் அப்படிப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

"அய்யோ அப்பா..." என்றாள் மகள்.

"இறங்கிட்டா டிக்கெட் முடிஞ்சுது" என்றார் அவரே. வாய் பழகிய வாக்கியம். முப்பத்தொரு வருஷம் சிங்கிள் சிங்கிள் என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவருக்கு, அந்த வார்த்தை இப்போதுதான் புரிந்தது. அந்தக் காய்ச்சல்காரக் குழந்தையின் அம்மா எந்த ஸ்டாப்பில் நின்றாள் என்பதும் சம்பந்தமே இல்லாமல் ஞாபகம் வந்தது.

மகள் பல்லைக் கடித்து மூச்சை இழுப்பது கேட்டது.

"என்னம்மா, வலியா?"

"நீங்க கிளம்பினதுலேர்ந்து விட்டு விட்டு வருது. பயப்படுவீங்கன்னுதான் சொல்லல. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்."

சொல்வதற்கு இதுவா நேரம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கு அம்மாவுக்கு நீ வரலைன்னு உள்ளுக்குள்ள உன் மேல கோவமா இருந்தேன்மா. ஒரு காகிதம் உனக்குப் பெருசாப் போச்சான்னு."

"தெரியும்ப்பா" என்றாள் மகள்.

தெரிந்தே ஒன்றேகால் வருஷம் தினமும் போன் பண்ணி, சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேட்டிருக்கிறாள். கண்டக்டர் அந்தப் பாலத்தின் மேலேயே, ஆட்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல், விசும்பி அழுதார்.

வெயில் தாழ்ந்தபோது மாப்பிள்ளை ஓட்டமும் நடையுமாக வந்தார். மகளைப் பிரசவ அறைக்குள் கூட்டிப்போய்விட்டார்களாம். அப்பா ராத்திரி மாத்திரை இல்லாமல் இருக்கக் கூடாது, கொடுத்துவிட்டு வா என்று அவள்தான் விரட்டியிருக்கிறாள். கையில் அவருடைய துணிப்பையும் மாத்திரை டப்பாவும் இருந்தன. அதிகாரி எல்லைக் கோட்டருகே வந்து பையைப் பிரித்துப் பார்த்து, சரி என்றார். தொட்டிலைத் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, அதற்கும் சரி என்றார். அதற்கு விசா வேண்டியதில்லை.

பை இந்தப் பக்கம் வந்தது, தொட்டில் அந்தப் பக்கம் போனது. மாப்பிள்ளை தொட்டிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு, போக மனசில்லாமல் நின்றார். "உங்களை இங்க விட்டுட்டு எப்படி மாமா..."

"அவ தனியா இருக்கா. முதல்ல போங்க மாப்ள."

அப்போதும் கால் நகரவில்லை. கண்டக்டர் பாலத்துக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட்! போலாம்!" என்று பழைய குரலில் கத்தினார்.

மாப்பிள்ளை நடந்தார். தொட்டில் அவர் தோளில் ஆடிக்கொண்டே போய், சாவடியைத் தாண்டி, தெருத் திருப்பத்தில் மறைந்தது. வண்டி கிளம்பிப் போன பிறகு ஸ்டாப்பில் நிற்பது எப்படி இருக்கும் என்று முப்பத்தொரு வருஷத்தில் கண்டக்டருக்குத் தெரிந்ததே இல்லை.