கடலுக்கு ஓர் ஆள்

கலைச்செல்வன் காஞ்சிபுரத்தில் பாலிடெக்னிக் படித்த காலம் அது. விடுதியில் ஒரு சென்னைப் பையன் அவனுக்குப் புது ஆட்டம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தான். பலகை கிடையாது, சீட்டும் கிடையாது. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

2003 கோடையில் சொந்த ஊரான உத்திரமேரூருக்கு வந்தவன், பள்ளித் தோழன் வரதனிடம் இதைச் சொன்னான். வரதனின் அப்பாவுக்குக் கடைத்தெருவில் உரக்கடை. அதன் மாடியில் ஞாயிறு மதியம் ஆடலாம் என்று முடிவானது. வரதனோடு ஏகாம்பரம் சேர்ந்துகொண்டான். மூன்றாவது ஆளாகக் கலைச்செல்வன் தன் பெரியப்பா மகன் தானியேலை அழைத்துப் போனான். தானியேல் பத்தாவதோடு நின்று கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தவன். ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் அதே வெள்ளைச் சட்டையோடு வருவான்.

கலைச்செல்வன் ஒரு வாரம் உட்கார்ந்து கதை எழுதினான். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பர்மாவுக்கு ஒரு கப்பல் போகிறது. நடுக்கடலில் காற்று செத்துப்போகிறது. அடியில் ஏதோ ஒன்று கப்பலைப் பிடித்துக்கொண்டு, பொழுது சாயும்போதெல்லாம் ஓர் ஆளைக் கேட்கிறது. யாரைக் கொடுப்பது என்று கப்பலில் இருப்பவர்கள் ஓட்டுப் போட வேண்டும். தப்பிக்க ஒரு வழியும் வைத்திருந்தான். போகிறவனின் கையை இன்னொருவன் விடாமல் பிடித்துக்கொண்டால் அது இருவரையும் விட்டுவிடும்.

முதல் ஞாயிறு, கப்பல் தலைவனான வரதனும் வைத்தியனான ஏகாம்பரமும் சுக்கான் பிடித்த தானியேலைக் காட்டினார்கள். தானியேல் சிரித்துக்கொண்டே கடலுக்குள் போனான். அடுத்த வாரம் சமையல்காரனாக வந்தான். அன்றைக்கும் அவனைத்தான் கொடுத்தார்கள். யாரும் கையை நீட்டவில்லை. கலைச்செல்வனுக்கு உறைத்தது. ஆனால் அந்த மாடியில் அவன் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்ல, அவன் வாய் பார்த்து வரதன் உட்கார்ந்திருந்தது அதற்கு முன் நடந்ததே இல்லை. அதை அவன் இழக்க விரும்பவில்லை.

மூன்றாம் வாரம் தானியேல் பாய்மரம் கட்டுகிறவனாக வந்தான். பொழுது சாய்ந்தது என்று கலைச்செல்வன் சொல்லி முடிக்கும் முன்பே வரதன் சொன்னான்: "தானியேலே போவட்டும். அவனுக்குப் பழக்கம்தான."

ஏகாம்பரம் சிரித்தான். தானியேல் சிரிக்கவில்லை. கலைச்செல்வன் பக்கம் திரும்பினான்.

"நீ இன்னா சொல்ற?"

"ரூல்படி ஓட்டுதான்," என்றான் கலைச்செல்வன், நோட்டைப் பார்த்தபடி. அந்த ரூலை எழுதியவனே அவன்தான்.

தானியேல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். பிறகு வரதன், அடுத்த வாரத்துக்கு ஆள் வேண்டுமே என்று யோசித்தான். "உங்க காலனில வேற யார்னா இருந்தா கூட்டினு வாயேன்," என்றான். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. பம்பு செட்டுக்கு வேறு மோட்டார் கேட்பதுபோலக் கேட்டான்.

கலைச்செல்வன் அடுத்த ஞாயிறும் போனான். பகடையை உருட்டவிடாமல் ஐந்தே நிமிடத்தில் கப்பலைப் பிளந்து, தலைவனையும் வைத்தியனையும் கடலுக்குள் இழுத்துவிட்டான். இது போங்கு என்று வரதன் கத்தினான். தன் வீட்டுப் பகடையை எடுத்துக்கொண்டான். அதோடு அந்த மாடிக்குப் போவது நின்றது.

மறுநாள் காலை கலைச்செல்வன், தானியேல் வேலை செய்த கட்டடத்துக்குப் போய், ரெண்டு பேரையும் முடித்துவிட்டதாகச் சொன்னான். தானியேல் கலவையைப் புரட்டிக்கொண்டே கேட்டான்.

"நான் இருக்கசொல்ல ஏன்டா முழுக வெக்கல?"

மேலேயிருந்து கொத்தனார் கலவை கேட்டுக் குரல் கொடுத்தார். தானியேல் சட்டியை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு சாரத்தில் ஏறினான். கலைச்செல்வன் வெயிலில் வெகுநேரம் நின்றான். சட்டி நாலைந்து முறை இறங்கி ஏறியது. தானியேல் ஒரு முறைகூட அவன் பக்கம் பார்க்கவில்லை.