இரண்டரைப் பாய்

என் கணவர் நொரிமசா, வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தே அறை எத்தனை பாய் என்று சொல்லிவிடுவார். தரையில் எத்தனை பாய் பதித்திருக்கிறதோ அதுதான் அறையின் அளவு. சதுர மீட்டர் என்றால் எங்கள் ஆட்களுக்கு மண்டையில் ஏறாது. ஆனால் எல்லாப் பாயும் ஒரே நீளம் கிடையாது. கியோட்டோ பாய் நூற்றுத் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர். நாங்கள் இருக்கிற மாதிரி அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்று எழுபது. கட்டியவர்கள் அறையைச் சுருக்கியபோது பாயையும் சேர்த்துச் சுருக்கினார்கள். எண்ணிக்கையை மட்டும் தொடவில்லை.

புதிதாகக் கல்யாணமானவர்கள் சாமான்களோடு வந்து இறங்கிவிட்டு, "ஆறு பாய்னு சொன்னீங்களே சார், கட்டில் நுழையலையே" என்று போனில் புலம்புவார்கள். இவர் குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு சொல்வார்: "பேப்பர்ல ஆறு பாய்னு இருக்கு. தரையில எண்ணிப் பாருங்க, ஆறு இருக்கும்." அந்தத் தேனில்தான் எங்கள் வீட்டிலும் அரிசி வெந்தது. அதனால் நான் ரொம்ப நியாயம் பேசக் கூடாது.

எங்கள் வீட்டில் ஆறு பாயில் ஓர் அறை, நாலரைப் பாயில் ஓர் அறை, நடுவே ஒரு சமையல்கட்டு. நாலரைப் பாய் அறை மகள் மிட்சுகியுடையது. மார்ச் மாதம் வேலை கிடைத்து அவள் செண்டாய்க்குப் போய்விட்டாள். அவள் போன அன்று அழுதேன். மறுநாள் அந்த அறையின் கதவை உள்ளேயிருந்து சாத்திப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு கதவு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

காரணம் இருந்தது. காலையில் சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு குரோக்கெட் பொரிக்கிற நான், வீட்டுத் தரகர் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அக்டோபரில் பரீட்சை. இவர் அதே பரீட்சையை நான்கு முறை எழுதி நான்கு முறையும் மண்ணைக் கவ்வியவர். நான் படித்ததெல்லாம் சமையல்கட்டு மேசையின் ஒரு மூலையில். சட்டப் பிரிவுகளின் மேல் சோயா சாஸ் பாட்டிலை வைப்பார். டிவியில் பேஸ்பால் ஓடும். "அட, நீ இருக்கியா, சத்தமே இல்லையே" என்பார். போன தடவை மூன்று மதிப்பெண்ணில் தவறவிட்டேன். இந்த முறை அறை இருந்தது. பழைய பொருள் கடையில் அறுபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மேசையும் வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் கியோட்டோவிலிருந்து கடோவாகி போன் செய்தான். இவரோடு பள்ளியில் படித்தவன். அங்கே ரயில் நிலையத்துக்குப் பின்னால் அப்பா காலத்துக் கேம் சென்டரை நடத்தினான். கடையை மூடுகிறானாம். இவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த கார் ரேஸ் மெஷினைச் சும்மாவே தருகிறானாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, இரண்டு ஸ்டியரிங், இரண்டு திரை. நிஜ காரை வெட்டி வைத்த மாதிரி இருக்கும்.

"எவ்வளவு இடம் பிடிக்கும்?" என்று இவர் கேட்டது எனக்கும் கேட்டது. "ரெண்டு பாய்டா. கச்சிதமா ரெண்டே பாய்" என்று அவன் சொன்னதும் கேட்டது.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். புது வாடிக்கையாளரிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

"சிஹாரு, அந்த அறை நாலரைப் பாய்ல்ல? மெஷினுக்கு ரெண்டு போக உனக்கு ரெண்டரை. ஒரு ஆளுக்கு ரெண்டரைப் பாய் எதேஷ்டம். பழைய காலத்துல துறவிங்க அதுலயே வாழ்க்கைய ஓட்டினாங்க."

"அவங்க பக்கத்துல யாரும் கார் ஓட்டலைங்க."

"நீ படிக்கிற நேரத்துல நான் தொடவே மாட்டேன். அதுவும் ரெண்டு சீட்டு. ஒண்ணு உனக்குத்தான்."

எனக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது. அதைச் சொன்னேன். "இதுக்கு வேணாம்" என்றார் பெருந்தன்மையாக.

சண்டை போட்டிருக்கலாம். ஆனால் மனிதரின் முகத்தில் பதினேழு வயது வந்து உட்கார்ந்திருந்தது, மனசு இளகிவிட்டது. "எழுதிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னேன். விளையாட்டென்று நினைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்குப் போடுவதுபோல் அளவுகோல் வைத்து வீட்டு வரைபடம் போட்டார். 'மெஷின்: இரண்டு பாய். சிஹாரு: இரண்டரைப் பாய்.' கீழே தேதி. அதன் மேல் சிவப்பு மையில், கையெழுத்துக்குச் சமமான தன் முத்திரையையும் குத்தினார்.

அதற்குப் பிறகு அளந்தார் பாருங்கள், அப்படி அளந்தார். வாசல் கதவு, நடை, மாடிப்படியின் திருப்பம் எல்லாவற்றையும் அளந்தார். எங்கள் வீடு நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. மெஷினை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம் என்று கடோவாகியிடம் பதினோரு முறை கேட்டார். சத்தத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க, ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசி பிஸ்கட் பெட்டியோடு போய்க் குனிந்தார். கீழ்வீட்டு ஒகுனோ சான் பெட்டியைக் கையால் எடை பார்த்தாள். "வீட்டுக்குள்ள ரேஸா? பரவால்ல. உங்க வீட்டுக்காரர் நடக்குறதே எனக்குக் குதிரை ஓடுற மாதிரிதான் கேக்குது" என்றாள்.

ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஆறு பேர் மெஷினைத் துண்டு துண்டாகச் சுமந்து வந்தார்கள். பாய் நசுங்காமலிருக்கப் பலகை விரித்தார்கள். திருகுகளை முடுக்கினார்கள், போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அறை தெரியவில்லை. மெஷின் தெரிந்தது, அதைச் சுற்றி ஒரு சந்து தெரிந்தது.

இவர் டேப்பை நீட்டினார், சுருட்டினார், மறுபடியும் நீட்டினார். மெஷின் நூற்று எண்பத்தெட்டுக்கு நூற்று எண்பத்தெட்டு. கியோட்டோ பாய் இரண்டின் மேல் அழகாக உட்காரும். கடோவாகி பொய் சொல்லவில்லை. அவன் பிறந்த ஊர்ப் பாயைச் சொன்னான். அதே ஊரில் பிறந்த இவரும் அதே பாயைக் கேட்டார். இருபத்திரண்டு வருடமாகச் சின்னப் பாயைப் பெரிய பாய் என்று விற்றவர், தன் சொந்த ஆசை என்று வந்ததும் பெரிய பாயிலேயே கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் அறை மொத்தமே இருநூற்று ஐம்பத்தைந்து. வயருக்கும் சூட்டுக்கும் பின்பக்கம் விடச் சொன்ன இடம் போக, மிச்சம் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.

என் மேசை அறுபது.

"அஞ்சு சென்டிமீட்டர்தானே!" என்றார், ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோல. "மேசைய அறுத்துட்டா போதும்."

"அறுத்துடலாம். நான் எங்க உக்கார்றது?"

சுற்றிலும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரேஸ் சீட்டுல உக்காரு! நல்ல குஷன். மடியில பலகைய வச்சுக்கிட்டுப் படி."

ஒரு வாரம் அப்படியும் படித்தேன். இதை எழுதும்போதுகூட என் மேலேயே எரிச்சல் வருகிறது. மடியில் பலகை, முழங்காலுக்கு ஸ்டியரிங், காலடியில் பிரேக். பக்கத்து இருக்கையில் இவர். தொடவே மாட்டேன் என்றவர், "ஒரே ஒரு சுத்து" என்று மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தார். வளைவு வந்தால் தோளைச் சாய்ப்பார், என் புத்தகத்தின் மேல் சாய்வார். எதிலாவது மோதினால் என் இருக்கையும் சேர்ந்து குலுங்கும். இரண்டுக்கும் அடியில் ஒரே இரும்புச் சட்டம். குத்தகைச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயத்தில் மட்டும் நாங்கள் பதினான்கு முறை மோதினோம்.

அந்த வாரம் போட்ட மாதிரித் தேர்வில் போன வருடத்தைவிட ஏழு மதிப்பெண் குறைந்தது. தாளைக் காட்டினேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏன் டென்ஷன் ஆகுற? நான் நாலு தடவை ஃபெயிலு, எனக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்றார்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தைத் தாண்டிய ஏதோ ஒன்று வந்தது. அவரைப் பொறுத்தவரை மெஷினுக்கு இடம் பார்ப்பது குடும்ப வேலை. எனக்கு இடம் பார்ப்பது, மிச்சம் இருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை இவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் ஒகுனோ சானைக் கூப்பிட்டேன். இருவருமாக என் மேசையை, நானும் இவரும் படுக்கும் ஆறு பாய் அறைக்கு, ஜன்னலோரமாக நகர்த்தினோம். தரையில் டேப் வைத்து அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். அறையில் பாதிக்குச் சற்று அதிகமாகவே வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், அலமாரியும் டிவியும் போக, ஒரே ஒரு மெத்தை விரிக்கலாம். முந்திக்கொண்டு அங்கே என் மெத்தையை விரித்தேன்.

இவர் வந்தார். கோட்டைப் பார்த்தார்.

"என்ன இது?"

வரைபடத்தை நீட்டினேன். "என் ரெண்டரைப் பாய்."

"அது அந்த அறையிலதானே? அதோட இது மூணுக்கு மேல இருக்கு. எண்ணிப் பாரு!"

"இது சின்னப் பாய்ல மூணுக்கு மேல. கியோட்டோ பாய்ல ரெண்டரை. எந்தப் பாய்னு நீங்க எழுதல. மெஷினுக்கு எந்தப் பாயோ எனக்கும் அதே பாய்தான், ரெண்டும் ஒரே பேப்பர்ல இருக்கு. அங்க இடம் இல்ல, அதனால இங்க எடுத்துக்கிட்டேன்."

"அது சும்மா விளையாட்டுக்குப் போட்டது, சிஹாரு."

"முத்திரை இருக்கு."

அவர் போனில் பேசுகிற குரலை நான் முதன்முறையாக எடுத்தேன். எனக்கே இனித்தது. "பேப்பர்ல என்ன இருக்கோ அதாங்க. தரையில அளந்து பாருங்க, சரியா இருக்கும்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒகுனோ சான் இருமினாள். போகாமல் நின்றிருக்கிறாள்.

இவர் தன் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலரைப் பாய் அறைக்குப் போனார். அங்கே ஒரு சுற்று திரும்பும் சத்தம், சுவரில் இடிக்கும் சத்தம். பிறகு திரும்பி வந்து வாசலில் நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

"மெத்தை ஒரு மீட்டர் அகலம். அங்க அம்பத்தஞ்சுதான் இருக்கு. நான் எங்க படுக்கிறது?"

தேர்வுப் புத்தகத்தைத் திறந்தபடி சொன்னேன்.

"நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர்தானே. மெத்தைய அறுத்துட்டா போதும்."

எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராகக் கதவை இழுத்துச் சாத்தினேன். மெல்லத்தான் சாத்தினேன். மெஷினை மறுபடி பிரித்து எடுத்துப்போக ஆறு பேருக்கு எவ்வளவு கூலி ஆகும் என்று அவர் போனில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, நான் ஆறாம் அத்தியாயத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.