கச்சேரி ரோட்டு செர்ரி

மயிலாப்பூரில் குடியிருந்த ஹைகோர்ட் குமாஸ்தா கிருஷ்ணசாமியின் சிறுநீரகத்திலிருந்து 1928ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வெளியே வந்த கல் சிவப்பாக இருந்தது. அதில் ஏலக்காய் வாசனை அடித்தது. அடுத்த ஆறு வாரத்தில் இன்னும் நான்கு வந்தன. அதே நிறம், அதே வாசனை. கத்தி வைத்தே ஆகவேண்டும், வைத்தாலும் பிழைப்பது சந்தேகம் என்று சொல்லியிருந்த டாக்டர், கற்களைக் குப்பியில் போட்டுக் குலுக்கிப் பார்த்தார். இந்த வருஷம் வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புகழெல்லாம் செர்ரிப் பழத்துக்குப் போயிற்று. தங்கள் தேசத்தில் சிறுநீரகக் கோளாறுக்கு வீட்டிலேயே செர்ரி கொடுப்பார்கள் என்று ஒரு வெள்ளைக்கார நர்ஸ் கிருஷ்ணசாமியின் மனைவி ஜலஜாவிடம் சொல்லியிருந்தாள். ஜலஜா நேராகக் கச்சேரி ரோட்டில் வலியுல்லாவின் ரொட்டிக் கடைக்குப் போனாள். சாந்தோம் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர்களுக்கு கிறிஸ்துமஸ் கேக் போடுகிற கடை அது. அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய செர்ரி இருந்தது. அந்த செர்ரி கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. களாக்காயைக் கீறி, விதையை எடுத்து, சுண்ணாம்புத் தெளிவில் ஊறவைத்து, ஏலக்காய் போட்ட பாகில் கொதிக்கவிட்டு, சிவப்புச் சாயம் ஏற்றியது. கேக் தின்கிறவர்கள் யாரும் கேட்டதில்லை என்பதால் வலியுல்லாவும் சொன்னதில்லை. ஆனால் ஜலஜா, "எங்காத்துக்காரருக்கு மருந்துக்கு வேணும் பாய்" என்றபோது சொல்லியிருக்க வேண்டும். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அழுது வீங்கிய அவள் கண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. டப்பாவை நிரப்பிக் கொடுத்தார். மருந்து என்பதால் அந்த வீட்டில் மடி, ஆசாரம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

கற்கள் விழுந்த சேதி கேட்டு வலியுல்லா சந்தோஷப்பட்டிருக்கலாம். அவருக்கோ பொய் பலித்துவிட்டதே என்று இருந்தது. தொழுகையில் அல்லாவிடம் ஒப்புக்கொண்டார். அல்லாவுக்கு முன்பே தெரியும் என்பதால் ஒன்றும் நடக்கவில்லை. பாரம் தாங்காமல் 1930இல் ஒருநாள் காலை மனைவி சகினாவிடம் சொன்னார். அன்று மத்தியானமே கிருஷ்ணசாமி லஸ் முனையில் டிராமிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். வலியுல்லாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். மருந்து களாக்காயில் இல்லை, பொய்யில் இருக்கிறது. இன்னொருத்தருக்குத் தெரிந்தால் அது முறிந்துவிடும். வீட்டுக்கு ஓடி, "நான் சொன்னதை மறந்துடு சகினா, ஒரு உசுரு போவுது" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

சகினா புருஷன் பேச்சைத் தட்டாதவள். கண்ணை மூடி உட்கார்ந்து, அடுப்பில் உலை கொதிப்பதற்குள் மறந்துவிட்டாள். அரைகுறையாக மறக்க அவளுக்குத் தெரியாது. களாக்காய் என்ற சொல்லும், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த எல்லாமும் போயின. அவர்களுக்கு ஜமீலா என்று ஒரே மகள் இருந்தாள். எந்நேரமும் களாக்காய்க் கூடையருகில் வாயெல்லாம் கறையாக உட்கார்ந்திருப்பாள். மூன்று வயதில், 1924இல், காய்ச்சலில் போய்விட்டாள். மறுநாள் சகினா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பாவாடையை எடுத்து விரித்து, "இது யாரு வூட்டுக் கொயந்தைதுங்க?" என்று கேட்டாள். வலியுல்லா அடுப்படிக்குப் போய் அழுதார். அந்த வாரம் ரொட்டியில் உப்புத் தூக்கலாக இருந்ததாக வாடிக்கைக்காரர்கள் சொன்னார்கள்.

கிருஷ்ணசாமி இரண்டு நாளில் எழுந்து கோர்ட்டுக்குப் போனார். ஆறு வருஷம் நோய் அண்டவில்லை. 1936இல் அவருடைய மருமான் சீமையிலிருந்து அசல் செர்ரி டப்பா கொண்டுவந்தான். ஒன்றை வாயில் போட்டவர் தூவென்று துப்பினார். "போலிடா இது! கச்சேரி ரோடு பாய் குடுக்கறாரே, அதுதான் அசல்" என்றார். மாட வீதி நாலிலும் இதையே சொல்லிக்கொண்டு போனார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் வலியுல்லாவை நிறுத்தி நாணயஸ்தர் என்று கும்பிட்டார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. வந்தது வரட்டும் என்று ஒருநாள் சாயங்காலம் கிருஷ்ணசாமி வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜலஜாவே, குரலைத் தாழ்த்தி, "களாக்காதானே?" என்றாள்.

"வருஷா வருஷம் ஊறுகாய் போடறவளுக்குக் களாக்கா தெரியாதா பாய்? மொத டப்பாவுலயே தெரிஞ்சுடுத்து. நம்பிச் சாப்பிடறார், சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப அன்னிக்கு டிராமாண்ட வுயுந்தாரேம்மா, அது இன்னாத்துக்கு?"

ஜலஜா ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டாள். "அந்த மூணு நாள் நான் ஒதுங்கி ஒக்காந்துண்டிருந்தேன். மாசாமாசம் முன்னாடியே எடுத்து வெளில வெச்சுடுவேன், அந்தத் தடவை மறந்துட்டேன். டப்பா இருக்கற எடம் வேற யாருக்கும் தெரியாது. மருந்து நின்னுபோய் வலி வந்துடுத்து. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். சகினாவுக்குத் தெரிந்ததால் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை. ஒரு தாயிடமிருந்து அவள் பிள்ளையை வலியுல்லா வீணுக்குப் பிடுங்கியிருந்தார். எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது.

சகினா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "நமக்கு ஒரு பொண்ணு சகினா. ஜமீலா பேரு" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். பிறந்த அன்று பெய்த மழையிலிருந்து ஆரம்பித்து, முளைத்த பல், நடந்த முதல் அடி என்று ஒன்று விடாமல் மூன்று வயது வரை சொன்னார். சகினா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பால? இப்ப எங்க கீறா?" என்றாள். காய்ச்சல் என்று சொல்ல வலியுல்லாவுக்கு வாய் வரவில்லை. ஒரே பிள்ளையை இரண்டாம் தரம் பறிக்க வெட்கமாக இருந்தது. "ஆம்பூர்ல கட்டிக் குடுத்துக்கீறோம்" என்றார்.

அந்த ரம்ஜானுக்கு ஆம்பூர் முத்திரையோடு ஒரு தபால் கார்டு வந்தது. அம்மாவின் மூட்டுவலி தேவலையா என்று கேட்டு, இருவருக்கும் சலாம் சொல்லி, ஜமீலா என்று கையெழுத்துப் போட்டிருந்தது. வலியுல்லா அதை இரண்டு முறை படித்தார். இது மன்னிப்பா தண்டனையா என்று அவருக்குப் புரியவில்லை. வயிற்றில் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டு எழுதும்படி சகினா அவசரப்படுத்தினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பதில் எழுத ஒரு கார்டு வாங்கத் தபாலாபீசுக்குப் போனார்.