விலா நரம்பில் ஓர் ஊசி

"நரம்புல ஊசி போட உட மாட்டேன்! கை விளங்காம போனா உங்கப்பன் வந்து தறியில உக்காருவானா?"

"எங்கப்பாவை ஏன் இழுக்கறீங்க அண்ணி? உங்க தம்பி வலியில துடிச்சா நீங்க வாங்கிக்குவீங்களா?"

கட்டிலுக்கு இந்தப் பக்கம் கைலாசத்தின் அக்கா தில்லையம்மாள், அந்தப் பக்கம் பெண்டாட்டி அம்சவேணி. நடுவில் கிடந்தவனை யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவன் நெஞ்சைத் திறந்து நுரையீரல் கட்டியை எடுக்கப்போகிறார்கள். வார்டே சுகமாக வேடிக்கை பார்த்தது.

அவர்கள் தெரு வீரபாகுவுக்கும் இதே ஆபரேஷன்தான், நரம்பில் ஊசி மட்டும் போடவில்லை. தையல் ஆறி வருஷம் இரண்டாகியும் சட்டை உரசினால் விலா எரிகிறது. தறிக்குழியில் இறங்கவே முடியவில்லை. வலியை வீடு வீடாகப் போய் விவரித்துவிட்டு வருவார், நல்ல மனிதர்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். "விலா எலும்புக்கு அடியில ஓடற நரம்பை ஊசி போட்டு மரக்க வெப்போம்பா. அறுக்கறதுக்கு முன்னாடியும், அப்புறமும். வலி ஆரம்பத்துலயே அடங்கினா, பின்னால தங்காதுன்னு நம்பறேன். உறுதி தர முடியாது."

"கை?"

"கைக்குப் போற நரம்பு வேற."

கைலாசம் நம்பவில்லை. அவனுக்குத் தெரிந்த உடம்பு தறிதான். பாவு நூல் ஒரு பக்கம் தொய்ந்தால் மறுபக்கமும் கெடும். ஆனால் வீரபாகுவின் முகம் வந்து நின்றது. "போடுங்கம்மா" என்றான், பாதிக் குரலில். தில்லையம்மாள் அப்போதே ஒப்பாரிக்குத் தொண்டையைச் சரிசெய்தாள்.

கண் விழித்தபோது வலது மார்பைக் காணோம். தொட்டான், யாரோ வைத்த தலையணை மாதிரி இருந்தது. குப்பென்று வியர்த்தது. கால் இருக்கிறதா? போர்வைக்குள் மிதிகட்டையை மிதித்தான். கை? ஊடுநூல் ஓட்டும் நாடாவை, இல்லாத நாடாவை, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு எறிந்தான். விட்டால் முந்தானையே நெய்திருப்பான். நர்சம்மா "ஜன்னி!" என்று கத்த, தில்லையம்மாள் சேலையை ஒழுங்காகச் செருகிக்கொண்டு மயங்கி விழுந்தாள்.

டாக்டரம்மா ஓடிவந்தாள். "என்னப்பா பண்றே?"

"தறி ஓட்டிப் பாக்கறேம்மா. நெஞ்சு செத்துப்போச்சு, கைகாலாவது இருக்குதான்னு..."

"இருக்குது. இப்ப இருமு."

வீரபாகு அலறியது இருமலுக்குத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு இருமினான். வலித்தது, ஆனால் தாங்கும்படி வலித்தது.

சாயங்காலம் மரப்பு விட்டு விலா கொதிக்க ஆரம்பித்ததும் பயம் வேறு பக்கம் திரும்பியது. "அடுத்த ஊசி எப்பம்மா?" என்று அவனே கெஞ்சினான். அக்கா வாயைத் திறக்கவில்லை; தெருவில் ஒருத்தரும் அதை நம்பவில்லை.

ஆடி முடிந்ததும் கைலாசம் தறியில் இறங்கினான். மழை நாளில் தழும்பு லேசாக இழுக்கும், அவ்வளவுதான். 'அப்பன் படுத்துட்டா சீர் யாரு செய்வா' என்று கல்யாணப் பேச்சை இழுத்தடித்த ஆரணி மாப்பிள்ளை வீட்டாரே தட்டோடு வந்து, தையில் மகள் கிருஷ்ணவேணியைக் கட்டிக்கொண்டு போனார்கள். துணைக்கென்று கூடப்போன தில்லையம்மாள் அங்கேயே தங்கிவிட்டாள். தெருவுக்கு இப்போது கவலையெல்லாம் அந்தச் சம்பந்திகளைப் பற்றித்தான்.