சீட்டு படித்துச் சொன்னவர்

கண்டக்டரின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். அதைப் பார்த்தே ஆஸ்பத்திரி பெஞ்சில் நாலு பேர் அவரிடம் மருந்துச் சீட்டை நீட்டிவிடுவார்கள். முதல் தடவையே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மனைவி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள், அவருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. டாக்டரின் கிறுக்கலுக்குக் குத்துமதிப்பாக ஏதோ சொல்லிவைத்தார். அன்று மாட்டிக்கொண்டவர்தான்.

இன்றும் கூட்டம். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் சுவர். எதிரே வந்து நின்றாள், போன மாதம் சீட்டு காட்டிய சலவைக்கடைப் பெண்.

“வயித்தெரிச்சல் அடங்கவே இல்லண்ணே. அந்த மாத்திரைய வெறும் வயித்துலதான் போடணுமாம். நான் சாப்பிட்டுட்டுல்ல போட்டேன்? டாக்டர் காய்ச்சி எடுத்துட்டாரு.”

சாப்பிட்டபின் போடச் சொன்னது அவர்தான்.

“நான் சொன்னேன்னு...”

“உங்களை எதுக்கு இழுக்கணும்? மறந்து மாத்திப் போட்டேன்னு சொல்லிட்டேன்.” புதுச் சீட்டை நீட்டினாள். “இதை நிதானமா பாத்துச் சொல்லுங்க.”

“டாக்டர்கிட்டயே கேக்கலாமே?”

“நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு.”

சீட்டில் நாலைந்து இங்கிலீஷ் எழுத்தும் ஒரு கோடும். மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனார்.

“அதான் எழுதியிருக்கே,” என்றாள் உள்ளேயிருந்தவள், தலை நிமிராமல்.

“எனக்கு அது புரியலம்மா. இவங்களுக்குச் சொல்லுங்க. அப்புறம் எனக்கும்.”

வரிசை முதுகில் முட்டியது. அவர் நகரவில்லை. அவள் பெருமூச்சு விட்டு, மாத்திரை அட்டையில் காலைக்கு ஒரு வட்டம் போட்டு விளக்கினாள். பிறகு அவருடைய பழைய சீட்டை வாங்கினாள்.

“பிரஷர் மாத்திரை தினமும் போடுறீங்கல்ல?”

“தலை சுத்தினா போடுவேன்.”

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு வருஷமா.”

திரும்பினால் பின்னால் மனைவி. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“நம்மளைக் கூப்பிடுறாங்க,” என்றாள். “நானும் உள்ள வரேன்.”

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நழுவிப் போகவும் அந்த நெரிசலில் வழியில்லை. டாக்டர் அறையில் அவள்தான் முதலில் பேசினாள்.

“இவரு மாத்திரைய ஒழுங்கா போடல சார். அது எதுக்குன்னே இவருக்குத் தெரியாது. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்.”

கண்டக்டர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.